ஸ்டெல்லா குடிவந்த வீடு

இராஜபாளையம்
8 ஜூலை 2024

சம்பந்தி முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

பரிபூரணம் எழுதுகிறேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊருக்குத் தபால் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நேற்று போன் செய்தேன். நான் பேச ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சம்பந்தியம்மாவுக்கு டிவி பாத்துக் கோவம் வந்துருச்சு, கேளுங்க" என்று கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னீர்கள். அவர்கள் சிரித்ததும் கேட்டது. இனி உங்களோடு போன் கிடையாது. இதையாவது நீங்கள் ஒருவர் மட்டும் படியுங்கள்.

எங்கள் பேண்டேஜ் யூனிட்டில் துணி சுற்றும் வெங்கடேஸ்வரிதான் முதலில் சொன்னாள். "அக்கா, ஒங்க மக வீடு டிவியில வருது. 'பொன்மலர் இல்லம்'னு சீரியலு. பாக்கலையா?" எனக்குச் சந்தோஷம்தான். அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பச்சைத் தூண், கூடத்து ஊஞ்சல், முற்றத்துக் கம்பி எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டினேன். பிரிஸ்கில்லா வாழப்போன வீடு இதுதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்புறம் ஸ்டெல்லா வந்தாள்.

அந்த வீட்டு மூத்த மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த கிறிஸ்தவ மருமகளாம். அவள் நிலைப்படியைத் தாண்டும்போதெல்லாம் சர்ச் மணி அடிக்கிறது. ஒவ்வொரு கெட்ட காரியத்துக்கும் முன்னால் ஜெபமாலையை முத்தமிட்டு "ஓ ஜீசஸ்" என்கிறாள். அவள் அப்பா தலையில் தொப்பியும் கையில் கிட்டாருமாகக் குடித்துவிட்டு விழுகிறார். நாங்கள் சி.எஸ்.ஐ. எங்கள் வீட்டில் ஜெபமாலையே கிடையாது. பிரிஸ்கில்லாவின் அப்பா இருந்தவரை ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. இதெல்லாம் தெரியாதவர்கள்தான் எங்களைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள்.

அவள் மாமியாரின் பாயசத்தில் எதையோ கலக்கினாள். நின்று கலக்கிய இடம் உங்கள் அடுப்படி. பின்னால் சுவரில் தொங்கியது, கல்யாணத்துக்கு எங்கள் சபைப் பெண்கள் என் மகளுக்குக் கொடுத்த பைபிள் வசன அட்டை. கட்டியிருந்தது, நான் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் பட்டு.

உங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு கிறிஸ்தவ மருமகள் இருக்கிறாள். உங்கள் மகன் பாண்டிதுரை பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருக்க, உங்களை நம்பி அங்கே இருக்கிறாள். கதை தெரிந்துதான் வீட்டைக் கொடுத்தீர்களா? தெரியாமல் கொடுத்திருந்தால், தெரிந்த அன்றே ஏன் நிறுத்தவில்லை?

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஜூலை 2024

திருமதி பரிபூரணம் அவர்களுக்கு,

தங்கள் 8ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன்.

வீட்டைக் கேட்டு வந்தவர்கள் குடும்பக் கதை என்றார்கள். கொடுத்தேன். எங்கள் தாத்தா சுந்தரபாண்டியத்தில் நெல் விற்றுக் கட்டிய வீடு. அதை நாடு முழுக்கப் பார்க்கட்டும் என்று நினைத்தது குற்றமில்லை. கதை வசனம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வீட்டுக்காரன் வேலையும் இல்லை.

பட்டுச்சேலையை உடுப்புக்காரப் பெண் கேட்டபோது எடுத்துக் கொடுத்தது உங்கள் மகள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். நடிகையோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இல்லாத வலி உங்களுக்கு ஏன்?

நான் போலீசில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். எத்தனை படத்தில் போலீஸ்காரன் லஞ்சம் வாங்குகிறான், எத்தனை படத்தில் எல்லாம் முடிந்தபிறகு ஜீப்பில் வந்து இறங்குகிறான். நான் எந்த டிவிக்காரனுக்கும் கடிதம் எழுதியதில்லை. கதை கதைதான்.

இன்னொன்று. உங்கள் ஆட்களுடைய சேனலில் விடியற்காலையில் ஒருவர் பேசுகிறாரே, அதை உங்கள் வீட்டில் வைத்து நானே கேட்டிருக்கிறேன். எங்கள் குலசாமியைப் பேய் என்கிறார். எங்களை இருட்டில் கிடப்பவர்கள் என்கிறார். அப்போது நீங்கள் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. நியாயம் கேட்கிறவர்கள் முதலில் அங்கே கேளுங்கள்.

முத்துராமலிங்கம்

*

இராஜபாளையம்
17 ஜூலை 2024

முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

அந்தக் காலை நேரத்துப் பேச்சு தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என் மகளுக்கு எதற்குத் தண்டனை?

போலீஸ் கதைக்கு வருகிறேன். ஒரு படத்தில் போலீஸ்காரன் லஞ்சம் வாங்கினால், அடுத்த படத்தில் இன்னொருவன் வந்து ஊரையே காப்பாற்றுகிறான். எங்களுக்கு அடுத்த படம் கிடையாது. குடிகார அப்பா, இல்லையென்றால் குட்டைப் பாவாடைப் பெண், இல்லையென்றால் கடைசிக் காட்சியில் கைதூக்கி ஆசீர்வதிக்கிற பாதிரியார். ரேஷன் கடையில் நிற்கிற கிறிஸ்தவப் பெண்ணை, மில் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு வீட்டுக்கு வருகிற கிறிஸ்தவனை எந்தச் சீரியலில் பார்த்தீர்கள்? எங்களை நல்லவர்களாகக் காட்டச் சொல்லவில்லை. எங்களிலும் கெட்டவர்கள் உண்டு, என் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் அவர்கள் கெட்டது செய்யும்போது மணி அடிப்பதில்லை.

போலீஸ்காரன் கையில் யாரும் தண்ணீர் வாங்க மறுப்பதில்லை. நேற்று என் மகளை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் போய்ப் பார்த்தேன். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தாள். சேலையைக் கொடுத்தபோது அது எந்தப் பாத்திரத்துக்கு என்று அவளிடமும் சொல்லவில்லையாம். இப்போது ரத்தம் எடுக்க வந்த ஒரு கிழவி அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்துவிட்டு, "வேற ஆளு இல்லையாம்மா?" என்று கேட்டாளாம்.

அது போகட்டும், வெளி ஆள். உங்கள் மனைவி கருத்தம்மாளுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுவிடுவது யார்? கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து என் மகள்தானே? போன வாரம் ஸ்டெல்லா மாமியாரின் ஊசிமருந்தை மாற்றி வைக்கிற காட்சியை உங்கள் மனைவியின் கட்டிலிலேயே வைத்து எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஊசியோடு போன என் மகளிடம், "வேண்டாம்மா, நான் வேற பாத்துக்கிடுதேன்" என்று உங்கள் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவள் போட்ட காபியும் ஆறிக் கிடக்கிறதாம்.

கதை கதைதான் என்று இன்னொரு முறை எழுதுங்கள் பார்க்கலாம்.

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜூலை 2024

அம்மா,

என் வீட்டு அடுப்படியில் யார் காபி குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்று லேப் வாசலில் நின்று விசாரணை நடத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

என் மனைவி தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறாள். வேலைக்குப் போகிற மருமகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவளே செய்த ஏற்பாடு. நல்லெண்ணத்தையும் நஞ்சாகப் பார்க்கிறீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

முத்துராமலிங்கம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
10 ஆகஸ்ட் 2024

திருமதி பரிபூரணம் அவர்களுக்கு,

தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை என் மனைவி பின்கட்டில் நினைவில்லாமல் விழுந்துகிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாள்.

உங்கள் மகள் அன்று சாயங்காலமே யாரிடமும் சொல்லாமல் உங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். ஆகவே உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு மருந்து வாங்கி வருவது அவள்தான். பிரிட்ஜில் வைப்பதும் அவள்தான். கிளினிக்கில் போட்டுக்கொள்ள என் மனைவி எடுத்துப்போவதும் அதே மருந்துதான். அந்த இன்சுலின் பாட்டிலைக் கவரில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி என் பீரோவில் வைத்திருக்கிறேன். என் தம்பி மாரீஸ்வரன் ஆஸ்பத்திரி வராந்தாவில், "சீரியல்ல வந்த மாதிரியே நடந்துருச்சே அண்ணே" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் போலீசில் இருந்தவன் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. மருந்து எந்தக் கடையில் வாங்கப்பட்டது? அவள் ஏன் ஓடிப்போனாள்?

பதில் வேண்டும்.

முத்துராமலிங்கம்

*

இராஜபாளையம்
12 ஆகஸ்ட் 2024

முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

பிரிஸ்கில்லா ஓடி வரவில்லை. விரட்டப்பட்டு வந்தாள்.

பின்கட்டில் உங்கள் மனைவி விழுந்த சத்தம் கேட்டு ஓடியவள் அவள். நீங்கள் அப்போது வாசலில் சீரியல்காரர்களின் வேனை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தெருவில் போன ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, மாமியார் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் அவள். போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "சுகர் பேஷன்ட், ரெடியா இருங்க" என்று சொன்னவளும் அவள்தான். அதனால்தான் உங்கள் மனைவிக்கு உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை உங்கள் தம்பி உங்களிடம் சொல்லவில்லையா?

அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் நிற்கிறார்கள். அந்த வராந்தாவில் வைத்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: "மருந்து எங்க வாங்குன? பில்லு எங்க? பாட்டில்ல கை வச்சியா?" ஸ்டேஷனில் திருடனைக் கேட்கிற மாதிரி. அவள் அங்கே தினமும் மாட்டுகிற வெள்ளைக் கோட்டுக்காகவாவது செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

என்னிடம் வந்து அவள் சொன்னது ஒன்றுதான். "மாமா என்னைப் பாக்கலம்மா. அந்த ஸ்டெல்லாவத்தான் பாத்தாக."

உங்கள் பீரோவில் இருக்கிற பாட்டிலை டெஸ்டுக்குக் கொடுங்கள். எந்த லேப் வேண்டுமானாலும் சரி. போலீசில் புகாரும் கொடுங்கள், எழுதத் தெரியாதவர் இல்லையே நீங்கள். பாதியில் நிறுத்தினால் நானே வந்து உங்கள் வாசலில் நின்று கேட்பேன். அப்போது ஸ்பீக்கர் தேவைப்படாது, தெருவுக்கே கேட்கும்.

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
19 ஆகஸ்ட் 2024

சம்பந்தியம்மாவுக்கு,

கவரைப் பிரித்தேன். டெஸ்டுக்கு அனுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. பாட்டிலின் மூடியே கழற்றப்படவில்லை. உள்ளே வைத்து ஒட்டும்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருக்கிற நர்ஸ் மகாலட்சுமி, "ஒங்க வீட்டம்மாவா? அவிய இங்க வரவே இல்லையே சார்" என்றாள். ஒரு நாள்கூட வரவில்லை.

என் மனைவி கண் விழித்து, சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு கேட்டேன். சொன்னாள்: "அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டெல்லாவா நடிக்கிற புள்ளைக்கு நானே எம்புட்டு தடவை மோர் கலக்கிக் குடுத்திருக்கேன். ஆனாலும் நம்ம பிரிசி ஊசியோட வரும்போது அவ மூஞ்சி எனக்குத் தெரியல. கிளினிக்குக்குப் போனா ஏன்னு கேப்பாக. என்னன்னு சொல்ல? நாலு நாள் போடாட்டி ஒண்ணும் ஆகாதுன்னு விட்டேன். நாலு நாள் அப்படியே நீண்டுபோச்சு."

விசாரணை முடிந்தது. உங்கள் மகள் மேல் குற்றம் இல்லை. வந்து அழைத்துப் போகத் தயாராக இருக்கிறேன்.

முத்துராமலிங்கம்

*

இராஜபாளையம்
23 ஆகஸ்ட் 2024

முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

கேள்வியை ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். பதிலை மட்டும் எனக்குத் தபாலில் அனுப்புகிறீர்கள்.

"உங்கள் மகள் மேல் குற்றம் இல்லை" என்று எழுதுகிறீர்களே, குற்றம் யார்மேல் என்று எழுதக் கை வரவில்லையா? பாட்டிலைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். பார்க்க விருப்பமில்லை. பார்ப்பதற்கு முன்பே உங்களுக்கு முடிவு தெரிந்திருந்தது. எட்டு மணிச் சீரியலில் பார்த்திருந்தீர்கள்.

அழைத்துப் போக வர வேண்டாம். வந்தாலும் அவள் வரமாட்டாள். லேப் வேலையையும் விட்டுவிட்டாள். இனி ஊசியைத் தொடமாட்டேன் என்கிறாள். இப்போது என்னோடு யூனிட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் பாக்கெட் ஒட்டுகிறாள்.

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
18 செப்டம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படப்பிடிப்புக்காரர்களை நிறுத்திவிட்டேன். ஒப்பந்தம் இருக்கிறது, கேஸ் போடுவோம் என்றார்கள். போடு என்று கேட்டைப் பூட்டினேன். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். போன வாரம் டிவியைப் போட்டால் அதே கூடம், அதே பச்சைத் தூண், அதே ஊஞ்சல். சென்னையில் அட்டையிலும் பலகையிலும் அப்படியே கட்டியிருக்கிறார்கள். ஸ்டெல்லா அங்கேதான் இருக்கிறாள். மணியும் அடிக்கிறது. அவர்கள் கொண்டுபோன வசன அட்டையைத் திருப்பிக் கேட்டோம், தேடித் தருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

டிவி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் எழுதினேன். உங்கள் முதல் கடிதத்தில் இருந்த விஷயங்கள்தான், ஜெபமாலை உட்பட. பதில் வந்தது. பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே, எந்தச் சமூகத்தையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, தொடர்ந்து எங்கள் நிகழ்ச்சிகளைக் கண்டு மகிழுங்கள் என்று இருந்தது. இதைத்தானே ஜூலையில் நானும் உங்களுக்கு எழுதினேன்.

தம்பி மாரீஸ்வரனிடம் மூடி திறக்காத பாட்டிலைக் காட்டினேன். "மகன் வாழ்க்கைக்காக மூடி மறைக்கீக அண்ணே" என்கிறான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒவ்வொருவனாகப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கருத்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்துபோனாள். பிரிஸ்கில்லாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

முத்துராமலிங்கம்

*

இராஜபாளையம்
30 செப்டம்பர் 2024

முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. பிரிஸ்கில்லா அங்கே போகிறாள். பாண்டிதுரை உங்களிடம் சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை வண்டி. இங்கே நான் ஏற்றிவிடுகிறேன். அடுத்து உங்கள் ஊரில் வண்டி நிற்கும். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. "அத்தைக்கு மட்டும் தெரியணும்மா" என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன். அவள் இறங்கமாட்டாள். பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பேச வேண்டாம்.

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6 அக்டோபர் 2024

சம்பந்தியம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை போயிருந்தோம். நான் பேசவில்லை. நான்கு அடி தள்ளியே நின்றேன்.

வண்டி நின்றதும் கருத்தம்மா பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஜன்னல் பக்கம் மருமகள் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு உட்கார்ந்துவிட்டாள். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாப்ட்டியா?" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். "துரைய நல்லா பாத்துக்கோ." அதற்கும் தலையாட்டல். அவ்வளவுதான் பேச்சு. என்னாலேயே பார்க்க முடியவில்லை.

எங்கள் தெரு சீனியம்மாள் மகனை வண்டி ஏற்ற வந்திருந்தாள். ஊரெல்லாம் அந்தப் பேச்சைக் கொண்டுபோனதில் அவளுக்குப் பெரிய பங்கு உண்டு. கருத்தம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, ஜன்னலுக்கு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைக் குறைக்காமலே கேட்டாள்:

"ஏ கருத்தம்மா, ஒடம்பு தேவலையா? இவதான ஊசியில கை வச்சவ? இவள வழியனுப்பவா வந்த?"

பிளாட்பாரத்தில் அத்தனை பேர். என் கை ஓங்கிவிட்டது, அடக்கிக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் கருத்தம்மா திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அவ ஊசியில கை வைக்கல, சீனியம்மா. தெனமும் ஊசிய வச்சுக்கிட்டு வந்து நின்னா. நாந்தான் கைய நீட்டல. டிவியப் பாத்துட்டு, பெத்த புள்ள மாதிரி இருந்தவளப் பாத்துப் பயந்தேன். நான் சாகக் கெடந்தது என் புத்தியால. இத நீ யார்யார்கிட்ட என்னென்ன சொன்னியோ, அம்புட்டு பேருகிட்டயும் போயி சொல்லு."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வண்டி நகர்ந்துவிட்டது. சீனியம்மாள் பக்கம் திரும்பி நின்ற கருத்தம்மா இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஜன்னல் போய்விட்டது. வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றையேதான் கேட்கிறாள். தான் சொன்னது பிரிசிக்குக் கேட்டதா என்று. இன்ஜின் சத்தம், காபிக்காரன் சத்தம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் போன் செய்தால் மருமகள் எடுப்பதில்லை.

உங்களிடம் வேறெதுவும் கேட்க எனக்கு முகமில்லை. அவளுக்குக் கேட்டதா என்று மட்டும் விசாரித்து ஒரு வரி எழுதுங்கள்.

முத்துராமலிங்கம்

*

இராஜபாளையம்
14 அக்டோபர் 2024

சம்பந்தி முத்துராமலிங்கம் அவர்களுக்கு,

கேட்டதாம். "பெட்டியில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சும்மா" என்றாள். மதுரை வரைக்கும் அழுதுகொண்டே போயிருக்கிறாள்.

கருத்தம்மாளிடம் இதைச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வருவாளா என்று கேட்கச் சொல்லி எனக்கு எழுதாதீர்கள். கேட்கமாட்டேன்.

பரிபூரணம்